வரிவிளம்பர மோசடிகள்: வாங்குவோரும் விற்போரும் அறிய வேண்டியவை

வரிவிளம்பர மோசடி என்பது, பழைய பொருள்களை விற்கவும் வாங்கவும் பொதுமக்கள் வெளியிடும் சிறு விளம்பரங்களைப் பயன்படுத்திப் பணத்தையோ பொருளையோ பறிக்கும் ஏமாற்று வேலையைக் குறிக்கும். பயன்படுத்திய கைப்பேசி, இருசக்கர வண்டி, கட்டில், துணி துவைக்கும் இயந்திரம், வாடகை வீடு ஆகியவை இத்தகைய விளம்பரங்களில் மிகுதியாக இடம்பெறுகின்றன. வாங்குபவர்தான் ஏமாறுவார், விற்பவருக்கு என்ன பயம் என்பது பொதுவான எண்ணம். இந்தியாவில் யுபிஐ பணப்பரிமாற்றம் பரவிய பிறகு இந்த எண்ணம் செல்லாததாகிவிட்டது. இன்று தன் பழைய கட்டிலை விற்க முனைபவரும் வங்கிக் கணக்கிலுள்ள சேமிப்பை இழக்கக்கூடும்.

மோசடிகள் பல வேடங்களில் வந்தாலும் அவற்றின் அடிப்படை ஒன்றே. நேர்மையான விற்பனையில் பொருளும் பணமும் ஒரே இடத்தில், ஒரே வேளையில், அதே இரண்டு பேருக்கு இடையில் கைமாறுகின்றன. இடம், வேளை, ஆள் ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்றைப் பிரித்துவிடுவதே மோசடிக்காரரின் முதல் வேலை. கீழே விவரிக்கப்படும் ஒவ்வொரு தந்திரத்திலும் இந்தப் பிரிவினையைக் காணலாம். நாளை புதிதாக ஒன்று முளைத்தாலும் இதே உரைகல்லில் உரசிப் பார்க்கலாம்.

நாளிதழ்ப் பக்கத்திலிருந்து கைப்பேசித் திரைக்கு

தமிழ் நாளிதழ்கள் வரிக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கி வெளியிட்டதால் இவற்றுக்கு வரிவிளம்பரம் என்ற பெயர் நிலைத்தது. வீடு வாடகைக்கு, ஆள் தேவை, மனை விற்பனைக்கு, வண்டி விற்பனைக்கு என எல்லாம் பொடி எழுத்தில் ஒரே பக்கத்தில் அடுக்கப்பட்டிருக்கும். விளம்பரம் கொடுக்க விரும்புபவர் விளம்பர முகவரிடம் நேரில் போய், முகவரி எழுதிக்கொடுத்து, பணம் கட்டியாக வேண்டும். தொல்லையான வேலைதான், ஆனால் அந்தத் தொல்லையே ஒரு சல்லடையாகவும் இருந்தது. அப்போதும் ஏமாற்றுபவர்கள் இல்லாமல் இல்லை. அதனால்தான், விளம்பரங்களிலுள்ள செய்திகளுக்கு இதழ் பொறுப்பல்ல என்ற அறிவிப்பை நாளிதழ்கள் அதே பக்கத்தில் அச்சிட்டன.

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் 1995-இல் தொடங்கிய கிரெய்க்ஸ்லிஸ்ட், வரிவிளம்பரத்தை இணையத்துக்குக் கொண்டுவந்த முன்னோடிகளுள் ஒன்று. 2006-இல் ஓ.எல்.எக்ஸ்., 2008-இல் குவிக்கர், பின்னர் ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ் ஆகியவை இந்தியர்களுக்குப் பழக்கமாயின. இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவிலும் பழைய சோபா விற்பனைக்கு வருகிறது. பெரும்பாலும் கட்டணம் இல்லை. நேரில் போக வேண்டியதில்லை. எங்கோ இருப்பவர் எந்த ஊர்ப் பெயரிலும் விளம்பரம் போடலாம். சல்லடை போய்விட்டது.

இத்தளங்கள் விற்பவரையும் வாங்குபவரையும் அறிமுகப்படுத்துவதோடு பெரும்பாலும் நின்றுவிடுகின்றன. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-ஆம் பிரிவு இடைநிலையாளர்களுக்கு, சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, பிறர் பதிவிடும் செய்திகளுக்கான பொறுப்பிலிருந்து பாதுகாப்புத் தருகிறது. மேலும், வீட்டிலிருந்த பழைய கட்டிலை விற்பவர் வணிகர் அல்லர். எனவே கடையில் பற்றுச்சீட்டுடன் வாங்கிய பொருளுக்குக் கிடைக்கும் மாற்றித்தரல், பணம் திருப்பித்தரல் போன்றவற்றை இங்கே எதிர்பார்க்க முடியாது.

பழைய பொருள் சந்தையில் இயல்பாகவே ஒரு சிக்கல் உண்டு. பொருளின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அமெரிக்கப் பொருளியலறிஞர் ஜார்ஜ் அக்கெர்லாஃப் 1970-இல் பழைய கார்ச் சந்தையை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதை ஆராய்ந்தார். குறை தெரியாததால் வாங்குபவர் எல்லா வண்டிக்கும் விலையைக் குறைத்தே கேட்கிறார். அந்த விலைக்கு நல்ல வண்டி வைத்திருப்பவர் விற்க மனமின்றி விலகுகிறார். சந்தையில் மோசமானவையே மிஞ்சுகின்றன என்பது அவர் வாதம். இத்தகைய ஆய்வுகளுக்காக 2001-இல் அவருக்குப் பொருளியல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. பொருளை நேரில் பார்ப்பவருக்கே இந்த இடர் இருக்கிறது என்றால், பார்க்காமல் பணம் அனுப்புபவரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

விற்பவரைத் தேடி வரும் "ராணுவ வீரர்"

மதுரையில் ஒருவர் பழைய துணி துவைக்கும் இயந்திரத்தை 8,000 ரூபாய்க்கு விற்க விளம்பரம் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சில நிமிடங்களிலேயே அழைப்பு வருகிறது. பேசுபவர் தாம் ராணுவத்தில் பணிபுரிவதாகவும், இந்த ஊருக்கு மாற்றலாகி வந்திருப்பதாகவும் சொல்கிறார். இயந்திரம் எத்தனை ஆண்டு ஓடியது, சத்தம் வருமா, பழுது பார்த்திருக்கிறார்களா என்று ஒரு கேள்வியும் இல்லை. பேரமும் இல்லை. நூறு ரூபாயாவது குறைத்துக் கேட்காமல் பழைய பொருள் வாங்குபவரை நம் ஊரில் காண்பது அரிது. இந்த ஓர் அடையாளமே போதும் எனலாம். சீருடையில் எடுத்த படம், அடையாள அட்டை, கேன்டீன் அட்டை எல்லாம் வாட்ஸ்அப்பில் வந்து சேரும். அவை திருடப்பட்டவை அல்லது போலியானவை. சீருடையின் மீது மக்களுக்கு உள்ள மதிப்பே இங்கே முதலீடு. முகாமை விட்டு வெளியே வர முடியாது என்பது, நேரில் வராததற்கும் பொருத்தமான காரணமாகிவிடுகிறது.

அடுத்துப் பணம். "முழுத் தொகையையும் இப்போதே அனுப்பிவிடுகிறேன், நாளை ஆள் வந்து எடுத்துக்கொள்வார்" என்கிறார். முதலில் ஐந்து ரூபாயோ பத்து ரூபாயோ உண்மையாகவே வந்துசேரும். அது நம்பிக்கைக்கான தூண்டில். பிறகு ஒரு க்யூஆர் கோடு வரும். அதை ஸ்கேன் செய்து, தொகையைச் சரிபார்த்து, பின் எண்ணைப் போட்டால் பணம் கணக்கில் ஏறும் என்பார். திரையில் 8,000 என்ற எண்ணும், குறிப்புப் பகுதியில் "பணம் பெறுதல்" என்ற பொருளில் ஆங்கிலச் சொற்களும் இருக்கும். அந்தக் குறிப்பை எழுதியவரும் மோசடிக்காரரே. பின் எண்ணை அழுத்தியதும் 8,000 ரூபாய் கணக்கிலிருந்து போய்விடும்.

கதை இங்கே முடிவதில்லை. பதறிப்போய் அழைப்பவரிடம், "சர்வரில் கோளாறு, உங்கள் பணமும் என் பணமும் சேர்த்து 16,000-க்குப் புதிய கோடு அனுப்புகிறேன், அதை ஸ்கேன் செய்யுங்கள்" என்று பொறுமையாகச் சொல்வார். இழந்ததை மீட்கும் தவிப்பில் இரண்டாம் முறையும் பின் எண் அழுத்தப்படுகிறது. சிறு தொகையில் முடிந்திருக்க வேண்டிய இழப்பு பெருந்தொகையாவது இந்த இரண்டாம், மூன்றாம் படிகளில்தான்.

இதைத் தடுக்கத் தொழில்நுட்ப அறிவு தேவையில்லை. ஒரு விதி போதும். யுபிஐ முறையில் பணம் வெளியே போவதற்கும், போக அனுமதி தருவதற்கும், இருப்பைப் பார்ப்பதற்கும் பின் எண் வேண்டும். பணம் உள்ளே வருவதற்கு வேண்டியதே இல்லை. காய்கறிக் கடைக்காரர் தம் க்யூஆர் கோட்டைத் தள்ளுவண்டியில் ஒட்டி வைத்திருக்கிறார். ஸ்கேன் செய்வது வாடிக்கையாளர், பின் எண் போடுவதும் வாடிக்கையாளர். கடைக்காரர் எதையும் அழுத்துவதில்லை, பணம் வந்துவிடுகிறது. விற்பவர் அந்தக் கடைக்காரரின் இடத்தில் இருக்கிறார் என்பதை நினைவில் வைத்தால் போதும்.

முன்பு க்யூஆர் கோட்டுக்குப் பதிலாக "கலெக்ட்" எனப்படும் பணம் கேட்கும் கோரிக்கையும் பயன்படுத்தப்பட்டது. மோசடிகளைக் குறைக்கும் நோக்கில், தனிநபர்களுக்கு இடையிலான இக்கோரிக்கையை 2025 அக்டோபர் முதல் நிறுத்துமாறு யுபிஐயை நடத்தும் என்.பி.சி.ஐ. நிறுவனம் உத்தரவிட்டது. க்யூஆர் கோடு வழி அப்படியேதான் இருக்கிறது.

போலி ரசீதும் "தவறுதலாக வந்த" பணமும்

பணம் அனுப்பியதுபோலவே காட்டும் போலிச் செயலிகள் உள்ளன. பச்சை நிறச் சரிக்குறி, தொகை, பெயர், நேரம் எல்லாம் அச்சு அசலாக இருக்கும். பழைய ஸ்கிரீன்ஷாட்டில் தொகையையும் தேதியையும் மாற்றுவதும் எளிது. ஆகவே வாங்குபவரின் கைப்பேசியில் தெரியும் எதையும் ரசீதாகக் கொள்ளக் கூடாது. விற்பவர் தம் கைப்பேசியில், தம் வங்கிக் கணக்கைத் திறந்து இருப்பு கூடியிருக்கிறதா என்று பார்த்த பிறகே பொருளைக் கொடுக்க வேண்டும். "பணம் பிடித்துவிட்டார்கள், உங்களுக்கு வரத் தாமதமாகிறது" என்று சொன்னால், வரும்வரை பொருளும் வீட்டிலேயே இருக்கலாம். அவசரம் வாங்குபவருடையது.

இன்னொரு வகையில், 2,000 ரூபாய் அனுப்ப வேண்டியவர் "ஒரு சுழி கூடிவிட்டது, 20,000 வந்திருக்கும், பாக்கி 18,000-ஐத் திருப்பி அனுப்புங்கள், மருத்துவமனைச் செலவுக்கு வைத்திருந்த பணம்" என்று அழாக்குறையாகப் பேசுவார். அதற்கேற்பக் குறுஞ்செய்தியும் வந்திருக்கும். வங்கிகளின் குறுஞ்செய்தி வங்கியைக் குறிக்கும் எழுத்துகளைக் கொண்ட முகப்பிலிருந்து வரும். இந்தச் செய்தியோ பத்து இலக்கக் கைப்பேசி எண்ணிலிருந்து வந்திருக்கும். காசோலைப் பழக்கம் இன்னும் உள்ள அமெரிக்காவில் இதற்கு மூத்த வடிவம் ஒன்று உண்டு. விலையைவிடக் கூடுதல் தொகைக்கு வங்கிக் காசோலை அனுப்பி, மிச்சத்தைத் திருப்பி அனுப்பச் சொல்வார்கள். வங்கி முதலில் தொகையை வரவு வைத்துவிடும். காசோலை போலி என்று தெரியச் சில நாட்களோ வாரங்களோ ஆகலாம். அதற்குள் விற்பவர் தம் சொந்தப் பணத்தை அனுப்பியிருப்பார்.

உண்மையாகவே கூடுதல் பணம் வந்திருந்தால், தாமாகத் திருப்பி அனுப்பாமல் வங்கிக்குத் தெரிவித்து வங்கி வழியே தீர்ப்பதே பாதுகாப்பானது.

இருவரையும் ஏமாற்றும் மூன்றாமவர்

வரிவிளம்பர மோசடிகளில் மிகவும் நுட்பமானது இதுவே. இதில் பொருளும் உண்மை, விற்பவரும் உண்மை, வாங்குபவரும் உண்மை. இருவரும் நேரில் சந்திக்கவும் செய்கிறார்கள். பொய்யானவர் ஒருவர்தான், அவர் அந்த இடத்திலேயே இருப்பதில்லை.

ஈரோட்டில் ஒருவர் தம் காரை 3,20,000 ரூபாய்க்கு விளம்பரம் செய்திருக்கிறார் என்று கொள்வோம். மோசடிக்காரர் அந்தப் படங்களை எடுத்து, தம் எண்ணைப் போட்டு, அதே காரை 2,50,000 ரூபாய்க்கு வேறொரு தளத்தில் விளம்பரம் செய்கிறார். சேலத்திலிருந்து ஒருவர் ஆர்வத்துடன் அழைக்கிறார். உடனே மோசடிக்காரர் ஈரோட்டுக்காரரை அழைத்து, "நானே வாங்கிக்கொள்கிறேன். நாளை என் மச்சான் வந்து வண்டியைப் பார்ப்பார். அவருக்கு நான் பணம் தர வேண்டியிருக்கிறது, கணக்கை எங்களுக்குள் தீர்த்துக்கொள்வோம், அவரிடம் விலை பேச வேண்டாம்" என்கிறார். சேலத்துக்காரரிடம், "வண்டி என் பங்காளி வீட்டில் நிற்கிறது. போய்ப் பாருங்கள். அவருக்கு விலை தெரியாது, அவரிடம் பணப்பேச்சு வேண்டாம்" என்கிறார்.

மறுநாள் சேலத்துக்காரர் வருகிறார், வண்டியை ஓட்டிப் பார்க்கிறார், ஆர்.சி. புத்தகத்தைப் பார்க்கிறார், எல்லாம் சரியாக இருக்கிறது. அங்கேயே நின்று மோசடிக்காரர் கொடுத்த கணக்குக்கு 2,50,000 ரூபாய் அனுப்புகிறார். சாவியைக் கேட்கும்போதுதான் ஈரோட்டுக்காரர் "எனக்கு இன்னும் பணம் வரவில்லையே" என்கிறார். இருவரும் ஒருவரையொருவர் திருடன் என்று சந்தேகிக்கிறார்கள்; கைகலப்பும் நேரலாம். நேரில் பார்த்தால் போதும் என்ற அறிவுரை தோற்கும் இடம் இது. இடமும் வேளையும் ஒன்றாகவே இருந்தன. ஆள் மட்டும் பிரிக்கப்பட்டுவிட்டார்.

இதற்கான தற்காப்பு எளிது. வண்டியின் முன் நிற்கும் இருவரும் விலையை வாய்விட்டுச் சொல்லிக்கொள்ள வேண்டும். அடுத்தவரிடம் விலை பேசாதே என்று யார் சொன்னாலும், எந்த உறவைக் காட்டிச் சொன்னாலும், விற்பனையை அங்கேயே நிறுத்திவிடலாம். பணம், ஆர்.சி.யில் பெயருள்ளவரின் கணக்குக்கு மட்டுமே போக வேண்டும். அனுப்புமுன் திரையில் தெரியும் பெயரைப் படித்துப் பார்க்க வேண்டும்.

விற்பவருக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. சில நேரங்களில் மோசடிக்காரர் வேறொருவரை ஏமாற்றி, அந்தப் பணத்தை நேராக விற்பவர் கணக்குக்கு அனுப்பச் செய்து, பொருளைத் தாம் எடுத்துப்போய்விடுவார். பணத்தை இழந்தவர் புகார் கொடுத்ததும், அத்தொகை போய்ச் சேர்ந்த கணக்கு முடக்கப்படலாம். குற்றம் எதுவும் செய்யாத விற்பவர் தம் சொந்தக் கணக்கை மீட்க அலைய நேரிடும். ஆகவே பொருளை எடுத்துச் செல்பவரின் பெயரும் பணம் அனுப்பியவரின் பெயரும் ஒன்றாக இருப்பது நல்லது. விளம்பரத்தின் படி, உரையாடல், வாங்கியவரின் கையெழுத்திட்ட ரசீது ஆகியவற்றைச் சில மாதங்களாவது பாதுகாக்க வேண்டும்.

வாங்குபவருக்கு விரிக்கும் வலை

சந்தையில் எழுபதாயிரம் பெறும் ஸ்கூட்டர் 22,000 ரூபாய்க்கு விளம்பரத்தில் இருக்கும். விற்பவர் விமான நிலையப் பாதுகாப்புப் பணியில் இருப்பவர் என்பார். திடீர் மாற்றலால் விற்பதாகச் சொல்வார். வண்டி விமான நிலைய வளாகத்துக்குள் நிற்பதால் பார்க்க வர இயலாது. ராணுவப் பார்சலில் வீட்டுக்கே வந்துவிடும். முழுப்பணம் வேண்டாம், பார்சல் செலவுக்கு இரண்டாயிரம் மட்டும் இப்போது அனுப்பினால் போதும். இது நியாயமாகத் தோன்றும். மறுநாள் வண்டியைச் சுற்றிக் கட்டிய படம் வரும். பிறகு ஜி.எஸ்.டி., நுழைவுச் சீட்டு, தாமதக் கட்டணம், காப்புத்தொகை என ஒவ்வொன்றாக வரும். எல்லாம் "திருப்பித் தரப்படும்" தொகைகளே. ஒவ்வொரு முறையும் இதுவரை கட்டியது வீணாகிவிடுமே என்ற எண்ணம்தான் அடுத்த தொகையைக் கட்ட வைக்கிறது. வண்டி ஒருபோதும் வருவதில்லை.

பொருளைக் கண்ணால் பார்க்காமல் டோக்கன், அட்வான்ஸ், முன்பதிவு என எந்தப் பெயரிலும் ஒரு ரூபாய்கூட அனுப்பாதவரை இந்த வலை தொடவே முடியாது. இன்னும் பத்துப் பேர் கேட்கிறார்கள் என்று விற்பவர் சொன்னால், அந்தப் பத்துப் பேரில் ஒருவருக்கே அது போகட்டும் என்று விடுவதே லாபம்.

கைப்பேசியும் வண்டியும்: பார்க்க வேண்டிய தாள்கள்

திருட்டுப் பொருளை விலை கொடுத்து வாங்கினாலும் அது வாங்கியவருடையதாகாது. விற்பவருக்கு எவ்வளவு உரிமை இருந்ததோ அதைவிடக் கூடுதல் உரிமை பொதுவாக வாங்குபவருக்குக் கிடைக்காது என்று 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் 27-ஆம் பிரிவில் கூறுகிறது. (இணையக் குற்றங்களுக்கான உதவி எண்ணும் 1930 என்பது தற்செயலே; நினைவில் வைக்க உதவும்.) திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ நேர்மையின்றி வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவின்படி குற்றம்.

பழைய கைப்பேசி வாங்கும் மாணவர்கள் முதலில் அதில் *#06# என்று அழுத்தி வரும் பதினைந்து இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். பற்றுச்சீட்டிலும் பெட்டியிலும் அதே எண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் அந்த எண்ணை இட்டால், அது முடக்கப்பட்ட கைப்பேசியா என்பது தெரியும். 2023 மே மாதம் தொடங்கப்பட்ட இத்தளத்தின் வழியே, தொலைந்த கைப்பேசியை நாடு முழுவதும் இயங்காதவாறு முடக்கலாம். அப்படி முடக்கப்பட்டதை வாங்கியவர் கையில் இருப்பது வெறும் கண்ணாடித் துண்டுதான். முந்தைய உரிமையாளரின் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கு நீக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் அவர் எதிரிலேயே சோதிக்க வேண்டும். விற்பவர் பக்கத்தில், சிம் அட்டையையும் நினைவக அட்டையையும் எடுத்து, கணக்குகளிலிருந்து வெளியேறி, கைப்பேசியை ஆலை அமைப்புக்கு மீட்டமைக்காமல் கொடுக்கக் கூடாது.

வண்டியைப் பொறுத்தவரை, ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் எண்ணும் என்ஜின் எண்ணும் வண்டியில் பொறித்தவற்றோடு ஒத்திருக்க வேண்டும். எம்பரிவாஹன் செயலியில் பதிவெண்ணை இட்டு ஆர்.சி., காப்பீடு, தகுதிச் சான்று ஆகியவற்றின் காலக்கெடுவைப் பார்க்கலாம். கடனில் வாங்கிய வண்டியானால் ஆர்.சி.யில் நிதி நிறுவனத்தின் பெயர் இருக்கும். கடன் முடிந்துவிட்டது என்ற வாய்ச்சொல் போதாது. நிறுவனம் தரும் தடையின்மைச் சான்றும், கடன் பதிவை நீக்கும் படிவம் 35-உம் வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, படிவம் 30 ஆகியவை உரியவை.

வண்டியைக் கொடுத்துப் பணத்தை வாங்கியதும் வேலை முடிந்தது என்று விற்பவர் நினைப்பது பெரிய ஆபத்து. மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆம் பிரிவு, ஒரே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளராகக் கருதப்பட்டு இழப்பீட்டுப் பொறுப்புக்கு உள்ளாவார் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது. வண்டியை எப்போதோ விற்றுவிட்டேன் என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. தேதியும் பெயரும் நிரப்பாமல் கையெழுத்து மட்டும் போட்டுப் படிவங்களைத் தரகரிடம் விட்டுவிடும் பழக்கம் தமிழ்நாட்டில் பரவலாக உள்ளது. அது வெற்றுக் காசோலையில் கையெழுத்திடுவதற்குச் சமம்.

வாடகை வீடும் லீசும்

சென்னையில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்கும் வழக்கம் நெடுங்காலமாக உள்ளதால், வாடகை வீட்டு விளம்பரம் மோசடிக்காரருக்கு வளமான நிலம். வேலைக்கோ கல்லூரிக்கோ புதிதாக நகரம் வரும் இளைஞர்கள் ஊரிலிருந்தபடியே படத்தைப் பார்த்து டோக்கன் அனுப்பிவிடுகிறார்கள். வந்து பார்த்தால் அந்த முகவரியில் வேறு குடும்பம் வசிக்கும்.

இதைவிடக் கொடியது லீஸ், அதாவது போக்கியத்தில் நடப்பது. வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்கும் உரிமையாளரிடம் இடைத்தரகர் ஒருவர் மாத வாடகைக்கு வீட்டை எடுப்பார். பிறகு அதே வீட்டை, தாமே பொறுப்பாளர் என்று சொல்லி, சில லட்சம் ரூபாய் வாங்கிக்கொண்டு மற்றொரு குடும்பத்துக்கு லீசுக்கு விடுவார். சில மாதம் உரிமையாளருக்கு வாடகை ஒழுங்காகப் போகும். பிறகு தரகர் தலைமறைவாவார். உரிமையாளர் வாடகை கேட்டு வந்து நிற்பார். வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்த குடும்பம் திகைத்து நிற்கும். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றைப் பார்த்து உரிமையாளர் பெயரை அறிவது, சொத்துவரி ரசீதையும் மின்கட்டண அட்டையையும் ஒப்பிடுவது, உரிமையாளரிடமே நேரிலோ காணொலியிலோ பேசுவது, தொகையை அவர் கணக்குக்கே செலுத்துவது ஆகியவற்றில் எதையும் விடக் கூடாது. தரகர் உரிமையாளரின் எண்ணைத் தர மறுத்தால் அந்த வீடு வேண்டாம்.

நேரில் சந்திக்கும்போது

விற்பவரும் வாங்குபவரும் பகல் நேரத்தில், ஆள் நடமாட்டமுள்ள இடத்தில் சந்திப்பது நலம். பெருந்தொகையானால் வங்கிக் கிளையே சிறந்த இடம். தனியாகப் போகாமல் ஒருவரை உடன் அழைத்துச் செல்ல வேண்டும். வண்டியை ஓட்டிப் பார்க்கிறேன் என்று சாவியை வாங்கியவர் திரும்பாமல் போன செய்திகள் நாளிதழ்களில் அவ்வப்போது வருகின்றன. வந்தவர் தம் வண்டியை விட்டுவிட்டுத்தானே போகிறார் என்று நம்ப முடியாது. விட்டுப்போனது திருட்டு வண்டியாக இருக்கலாம். பின்னிருக்கையில் விற்பவரும் ஏறிக்கொள்வதே வழி. கட்டில், பீரோ போன்றவற்றை வீட்டுக்கு வந்துதான் பார்க்க முடியும் என்பதால், அப்போது வீட்டில் வேறு ஆட்களும் இருக்கும்படி நேரம் குறிக்க வேண்டும்.

கைப்பேசித் திரையைத் தொலைவிலிருந்து பார்க்க உதவும் எனிடெஸ்க் போன்ற செயலிகளை நிறுவச் சொல்பவர் எவரும் பொருள் வாங்க வந்தவர் அல்லர். ஓடிபி கேட்பவரும் அப்படியே.

பணம் போன பிறகு

ஏமாந்தவர் முதலில் செய்வது, பெரும்பாலும், மோசடிக்காரருக்கே திரும்பத் திரும்ப அழைப்பதுதான். அந்த அரைமணி நேரம் விலைமதிப்பற்றது. பறித்த பணம் ஒரு கணக்கிலேயே தங்குவதில்லை. வாடகைக்கு எடுத்த பல கணக்குகளுக்குப் பிரித்து அனுப்பப்பட்டு, ஏ.டி.எம்.மில் எடுக்கப்படுகிறது. அது வெளியேறும் முன் பிடித்தால் நிறுத்தி வைக்கலாம். இதற்காகவே மத்திய உள்துறை அமைச்சகம் 2021-இல் ஓர் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. 1930 என்ற எண்ணை அழைத்தாலோ, சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் என்ற தளத்தில் பதிந்தாலோ, பணம் போன கணக்கின் வங்கிக்குத் தகவல் போகிறது. இருக்கும் தொகை முடக்கப்படுகிறது. வேறு வங்கிக்குப் போயிருந்தால் அந்த வங்கிக்குத் தகவல் நகர்கிறது. அழைக்கும்போது பணம் போன தேதி, நேரம், தொகை, பரிவர்த்தனை எண், மோசடிக்காரரின் கைப்பேசி எண், யுபிஐ முகவரி ஆகியவை கையில் இருக்க வேண்டும். உரையாடலை ஆத்திரத்தில் அழித்துவிடக் கூடாது, அதுவே சான்று.

கூடவே தம் வங்கிக்கும் எழுத்து வடிவில் தெரிவிக்க வேண்டும். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, வாடிக்கையாளர் தாமே ரகசிய எண்களைப் பகிர்ந்ததால் ஏற்பட்ட இழப்பு, வங்கிக்குத் தெரிவிக்கும் வரை அவருடையது; தெரிவித்த பிறகு நிகழும் இழப்பு வங்கியுடையது. நேரம் இங்கேயும் கணக்கில் வருகிறது.

ஆள்மாறாட்டம் செய்து கணினி வழியே ஏமாற்றுவதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவு மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் புகழ்பெற்ற 420-ஆம் பிரிவின் இடத்தில், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவு நடைமுறையில் உள்ளது.

புகார் கொடுக்கத் தடையாக நிற்பது பெரும்பாலும் சட்ட அறியாமை அல்ல, வெட்கம். "படித்தவர் இப்படி ஏமாறலாமா" என்று வீட்டில் கேட்பார்களே என்று பலர் இரண்டு நாள் வாயைத் திறப்பதில்லை. மோசடிக்காரர் இதைத் தொழிலாகச் செய்பவர். ஒரே உரையாடலை நாளெல்லாம் பலரிடம் ஒத்திகை பார்த்தவர். எதிரில் இருப்பவரோ வாழ்நாளில் முதன்முறையாகக் கட்டில் விற்பவர். வயதான பெற்றோர் ஏமாந்து வந்து சொன்னால், பிள்ளைகள் திட்டுவதற்கு முன் 1930-ஐ அழைப்பது நல்லது.

சில நாள் கழித்து, சைபர் பிரிவிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஒருவர் அழைக்கலாம். போன பணம் கிடைத்துவிட்டது, விடுவிக்க மூவாயிரம் கட்ட வேண்டும் என்பார். அது அதே கும்பலாகவோ, அவர்களிடம் பட்டியல் வாங்கிய வேறு கும்பலாகவோ இருக்கும். காவல்துறை பணத்தை மீட்டுத்தரக் கட்டணம் கேட்பதில்லை. முடக்கப்பட்ட தொகை வழக்கமாக நீதிமன்ற உத்தரவின் பேரில், புகார்தாரரின் வங்கிக் கணக்குக்கே திரும்பி வருகிறது.